மடுவத்துச் சுவரில் முனி

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். சுவர் காயவே இல்லை. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் பக்கச் சுவர், பதினாறடி நீளம். பள்ளிக்கூட லீவு முடிய இரண்டே வாரம். றக்வானையில் வாங்க: பச்சை 2 லீ., மஞ்சள் அரை லீ., சின்ன பிரஷ், அட்டைக் கடிக்குச் சவர்க்காரம்.

மேலே ஊற்றைச் சுற்றியிருக்கும் காட்டை வெட்டித் தேயிலை வைக்கத் தோட்டத்துத் துரைக்கு ஆசை. அந்த ஊற்றுத் தண்ணீர்தான் கொழுந்து பறிக்கிற ராணி அக்காவின் லயத்து வீடுகளுக்குப் பீலிக் குழாயில் விழுகிறது. காட்டைச் சுவரில் வரைந்து வைத்தால், கொழுந்து நிறுக்க நிற்கிற பெண்கள் தினமும் பார்ப்பார்கள். பார்த்தால் விட மாட்டார்கள். இதுதான் என் நினைப்பு. துரையிடம் சொன்னது வேறு: "பிள்ளைகளுக்கு இயற்கைப் படம் சார்." உடனே சரி என்றார்.

13, புதன்

வெயில், அப்பாடா. ஊற்றடியின் பெரிய ஹொர மரம் சுவரில் நிற்கிறது, அதில் ஒரு ஓணான். கொழுந்துச் சாக்கோடு நின்ற பெண்கள் சும்மா இருக்கவில்லை.

"டீச்சர், அந்த ஓணானுக்கு மூக்குல கொம்பு இருக்குமே! பாத்ததே இல்லயா நீங்க?"

இல்லை. இங்கேயே பிறந்தவள், பார்த்ததில்லை. வெட்கமாகிவிட்டது. மத்தியானம் காட்டுக்கு ஏறினேன். ஓணானைப் பார்த்தேன். காலில் ஏழு அட்டை.

சாயங்காலம் தவளையின் நிறத்துக்கு ஒரே சண்டை. அக்கா மட்டும், "எல்லாம் இருக்கு, முனியாண்டி எங்கடி?" என்றாள். நியாயம்தான். நிஜ மரத்தடியில் கல்லும் சூலமுமாக அவர்தானே இருக்கிறார். மீசை, அரிவாளோடு வரைந்தேன். கண் பாக்கி. சாமிக்குக் கண் கடைசியில்தான்.

15, வெள்ளி

சுவரில் யாரோ குங்குமம் வைத்திருக்கிறார்கள். கீழே சூடம் எரிந்த கறை. பெருமையாக இருந்தது, மடச்சி எனக்கு.

பத்து மணிக்குத் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் வந்தார். "பெரிய உதவி செஞ்சிட்டீங்க டீச்சர். கண்ண மட்டும் தொறந்துருங்க. திங்கக்கெழம பூசாரி பூச போட்டு சாமிய இங்க எறக்கிருவாரு. அப்புறம் அங்க நிக்கிறது வெறும் மரந்தானே."

கோயில் திருத்தும்போது சாமியைப் படத்துக்கு மாற்றி வைப்பார்களே, அதே முறை. முனி இருக்கிறார் என்றுதான் இத்தனை நாள் ஒருத்தரும் அங்கே கத்தி வைக்கவில்லை. துரைக்கும் பயம். இப்போது அவர் குடிமாற நானே வீடு கட்டிக் கொடுத்திருக்கிறேன். என் கையாலேயே!

தலைவர் கெட்டவர் இல்லை. "வெட்டுற வேலைய நம்ம பயலுகளுக்கே தாரேன்னு துரை சொல்லிட்டாரு. இல்லாட்டி எல்லாம் கொழும்புக்கு ஓடிருவானுக."

16, சனி

படத்தின் மேல் சுண்ணாம்பு அடித்துவிடுகிறேன் என்றேன். அக்கா பாய்ந்தாள். "சாமிய அழிப்பியா? கை கால் வெளங்காம போயிரும்!"

"அப்ப தண்ணிக்கு எங்க போவ?"

கழுவின சட்டியையே திரும்பக் கழுவினாள்.

மத்தியானம் பெல்மதுளையிலிருந்து மரம் வாங்குகிற வியாபாரி வந்து படத்தை போனில் எடுத்துக்கொண்டார். "ஹரி லஸ்ஸனய், நங்கி." ரொம்ப அழகாம், தங்கச்சி. கடித்துவிடலாம் போல ஆத்திரம்.

17, ஞாயிறு

விடியும்போதே மடுவம். பனி. கூப்பிடாமலே அக்காவும் வந்தாள், பெயின்ட் டின்னைப் பிடித்துக்கொண்டாள். முனியை அழிக்கவில்லை. திருப்பிவிட்டேன். முகத்தின் மேல் கூந்தல், மார்பின் மேல் முதுகு, ஒரு கால் வேரில். மரத்துக்கு ஏறிப் போகிறார்.

18, திங்கள்

இருட்டிக்கொண்டு நின்றது, பெய்யவில்லை. பூசாரி, தலைவர், கொழுந்துச் சாக்கோடு பெண்கள்.

தலைவர்: "கண்ணு எங்க டீச்சர்?"

"அந்தப் பக்கம் பாக்குறாரு."

"வெளையாடுறீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, வரிசையிலிருந்து: "சாமி அவரு வீட்டுக்குப் போறாரு. போறவர யாரு பின்னால நின்னு கூப்பிடுறது? நீங்க கூப்பிடுறீங்களா தலைவரே?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பூசாரி சுவரையே பார்த்தார். பிறகு உடுக்கையைப் பைக்குள் வைத்துவிட்டு, மலைப்பக்கம் திரும்பிக் கையெடுத்தார். பெண்களும் சாக்கை இறக்கிவிட்டு மலையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். என் படத்தை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.