அப்பா வேண்டாமென்ற கன்வெர்ட்டர்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், உன் இருமல் விட்டது என்று தெரிந்தால் முழுச் சுகம். நீ அனுப்பிய பார்சல் வந்தது. போனில் இருக்கிற டிசைனை நேராக நம் எம்பிராய்டரி மெஷினுக்கு அனுப்ப நீயே செய்த அந்தச் சின்ன போர்டைப் பார்த்து எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் அப்பாவின் சுபாவம் உனக்குத் தெரியாததா? போர்டுக்கும் மெஷினுக்கும் நடுவில் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கிற கன்வெர்ட்டர் கட்டாயம் வேண்டும் என்று நீ சிவப்பு மையில் எழுதியும், நடுவுல எத்தனை ஜாயின்ட்டோ அத்தனை ரிப்பேர்னு தன் மெக்கானிக் சட்டத்தைப் பேசி, அதை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினின் ஒன்பது பின் சாக்கெட்டிலிருந்து மூன்று ஒயரை நேராக உன் போர்டில் பற்றவைத்துவிட்டார். சுவிட்சைப் போட்டதும் போர்டு இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது, ஒரே கருகல் நாற்றம். அதன் பிறகுதான் ஐயா மீட்டரை எடுத்தார். மெஷின் சும்மா இருக்கும்போதே அந்தப் பின்னில் மைனஸ் பதினொரு வோல்ட், டேட்டா போகும்போது அதே அளவு பிளஸ்ஸுக்குத் தாவுமாம். உன் போர்டோ மூன்று வோல்ட் ஜீவன், எப்படித் தாங்கும்?

எனக்கு மெஷினும் போய்விட்டதோ என்று பயம். பள்ளிக்கூட பேட்ஜ் ஆர்டர் பாதியில் நிற்கிறது, நமக்குச் சோறு போடுவதே இந்த ஒரு மெஷின்தான். அப்பாவோ மெஷினைப் பற்றிப் பேசவே இல்லை, பாப்பா கையால செஞ்சதைப் பொசுக்கிட்டேனேன்னு அதையே சொல்லி மாய்ந்து போனார். நீ அவரைத் தெரிந்துதான் இரண்டு போர்டு அனுப்பினாயோ, புண்ணியவதி! மறுநாள் இரண்டாவதைக் கன்வெர்ட்டரோடு, நீ எழுதியதை வரிக்கு வரி என்னைப் படிக்கச் சொல்லி மாட்டினார். நான் ஒரு வரியை இரண்டு தடவை படித்ததற்குக் கோபம் வேறு.

வேளைக்குச் சாப்பிடு, வேலை எங்கேயும் ஓடிப்போகாது. இன்னொன்று. மெஷின் இன்னும் ஓடல, நீ நேர்ல வந்தாத்தான் சரியாகும்னு எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ வந்து இரண்டு வருஷமாகிறது, அதை வாய்விட்டுக் கேட்க அந்த மனுஷனுக்கு வராது. உன்னிடம் நான் பொய் எழுத மாட்டேன். மெஷின் அருமையாக ஓடுகிறது, பேட்ஜ் முக்கால்வாசி முடிந்தது. ஓடினாலும் நீ வா, கண்ணு.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாயிரு. லீவு கேட்க மறக்காதே. அப்பா போன் செய்தால் மட்டும், மெஷினைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று சொல்லிவிடு.

உன் அம்மா