அலசாத துணி

கிருஷ்ணவேணி பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பழைய காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் புருஷன் அர்ஜுனனுக்கு எழுதினாள்.

“சோறு பானையில இருக்குது. குழம்பைச் சுட வச்சுக்குங்க. முசரவாக்கத்துல அம்மாவைப் பார்த்துட்டு வெள்ளிக்கிழமை வந்துடுவேன். வெளியே போனா சாவியைப் பக்கத்து வூட்டு மணியம்மாகிட்ட குடுங்க.

ஜன்னலுக்கு மெல்லிசா புது மல் துணி கட்டியிருக்கேன். மேக்குக் காத்து அடிச்சா ரைஸ் மில் சாம்பல் வரும், துணியில தண்ணி தெளிங்க. கெழக்குக் காத்துன்னா சாயப்பட்டறை நெடி. அது எந்தத் துணிக்கும் அடங்காது, கதவைச் சாத்திடுங்க. காடாத் துணியை மட்டும் மறுபடி கட்டாதீங்க.”

அந்த வரியில் பேனா நின்றது. போன தை மாதம் அர்ஜுனன் தறியிலிருந்து நேராக வாங்கி வந்த கெட்டியான காடா அது. கஞ்சி போக அலசாமலே ஜன்னலில் ஆணியடித்தான். சாம்பல் உள்ளே வரவில்லை, காற்றும் வரவில்லை. மூச்சிழுப்புக்கார மகள் தேனு, ஐந்து வயது, மூன்றாம் நாள் ஜன்னல் கம்பியில் வாய் வைத்தபடியே மூச்சு அடங்கிப்போனாள். அன்றிலிருந்து அவனிடம் கிருஷ்ணவேணி முகம் கொடுத்துப் பேசவில்லை.

தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்.

“அலச வேணாம், கஞ்சி இருந்தாத்தான் சாம்பல் பூராதுன்னு சொன்னது நான்தான். உங்களுக்கு ஞாபகம் இருக்குது. நீங்க ஒருத்தர்கிட்டயும் சொல்லல.”

ஓரத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

“தினம் துணி மாத்தறேன். தினமும் கம்பிகிட்ட, அவ வாய் இருந்த உயரத்துல, வட்டமா ஒரு இடம் மட்டும் கறுத்துப்போவுது. இந்தத் துணியை அலசாதீங்க. அவ மூச்சு வுட்டுக்கினு இருக்கட்டும்.”