மூன்றாம் மேசையின் பின்பக்கம்

மார்ச் 4

ஓட்டல் மேனேஜர் இன்றும் பிடித்துக்கொண்டார். "அவங்க ஆர்டர் கொடுத்ததும் மேசைக்குப் போங்க, சாப்பாடு வர்றதுக்குள்ள மேஜிக்கை முடிங்க." சரி ஐயா. நெருப்பு வித்தை வேண்டாம், திரைச்சீலையில் பட்டால் என் தலை உருளும். சீட்டுக்கட்டு ஈர மேசையில் ஒட்டிக்கொள்கிறது. கயிறு சூப்பில் விழுகிறது. மிச்சம் நாணயம்தான். கைக்குள் தொடங்கிக் கைக்குள்ளேயே முடியும்.

மூன்றாம் மேசையில் மட்டும் கை நடுங்குகிறது. அங்கே என் முதுகுக்குப் பின்னால் சமையலறையிலிருந்து தட்டு நீட்டும் ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மாஸ்டர் சமைத்துக்கொண்டிருப்பார். அவர் அங்கே இருந்தாலே போதும் என்று எழுத வந்தேன் — போதவில்லை.

மார்ச் 9

அக்கா கேட்கிறாள்: "அவர்கிட்ட ஒரு வார்த்தையாவது பேசியிருக்கியாடி?" பேசியிருக்கிறேனே. "மூணாம் மேசைல உப்பு கேட்டாங்க." விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

மார்ச் 15

மானம் போச்சு.

ஜன்னல் பக்கம் தண்ணீர் குடிக்கப் போனேன். மாஸ்டரே வாயைத் திறந்தார். "காசு உங்க விரலுக்குப் பின்னாடிதானே இருக்கு? இங்கேர்ந்து பளிச்சுனு தெரியுது."

ஐயோ, இத்தனை நாளும் பார்த்துக்கொண்டா இருந்தார்! "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"சொன்னா மூணாம் மேசைக்கு வர மாட்டீங்களே." அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 16

ஏன் அப்படிச் சொன்னார்?

மார்ச் 22

சர்வர் சொல்லித்தான் தெரிந்தது. மாஸ்டரின் தம்பி வேறு ஊரில் ஓட்டல் ஆரம்பிக்கிறானாம். ஞாயிற்றுக்கிழமையோடு இவர் கிளம்புகிறார். கிளம்பும் முன் முன்பக்கம் உட்கார்ந்து ஒரு தடவை மேஜிக் பார்க்க வேண்டுமாம்.

எதைக் காட்டுவேன்? நாணயம்தான் தெரிந்துபோயிற்றே. பஞ்சு போல அமுங்கும் நுரைப் பந்து இருக்கிறது. ஒரு பந்தை எதிரில் இருப்பவர் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை நானே மூட வேண்டும். திறந்தால் இரண்டு இருக்கும். கையைப் பிடித்தே ஆக வேண்டும் என்பதால் ஆண்கள் இருக்கும் மேசையில் அதைத் தொடவே மாட்டேன். அதையே எடுத்து வைத்துவிட்டேன். விரல்களை மூடும்போது சொல்லிவிட வேண்டும். போகாதீங்க. ஒரே வார்த்தைதானே?

மார்ச் 26, ஞாயிறு

சட்டை மாற்றி, தலை வாரி, வாடிக்கையாளர் மாதிரி மூன்றாம் மேசையில் உட்கார்ந்திருந்தார். கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். பந்தை வைத்தேன். விரல்களை மூடினேன். விடவில்லை. வாய் வரவே இல்லை. பாவி, ஒரு வார்த்தை! அவரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

சாப்பாடு வந்துவிட்டது. மேனேஜர் இருமினார். விட்டுவிட்டேன்.

திறந்து பார்த்தார். இரண்டு பந்துகள். சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "இது மட்டும் எப்படினு எனக்குத் தெரியல."

சொல்லித் தந்திருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8

புது மாஸ்டர் அடுப்பை விட்டு நிமிர்வதே இல்லை. இன்று மூன்றாம் மேசையில் மறுபடி நாணய வித்தை. முழு நேரமும் காசு விரலுக்குப் பின்னால்தான் இருந்தது.

கை நடுங்கவே இல்லை. மேனேஜர் தோளைத் தட்டாத குறை. "இப்பதாம்மா கச்சிதமா வருது" என்றார்.