சண்முகம் பெயர் இல்லாத தந்தி

லம்பா லைன், போர்ட் பிளேர்
19-8-1968

அன்பு மகள் மங்கையர்க்கரசிக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழுதப் பேனா தானாகவே போயிற்று, நான்தான் பிடித்து நிறுத்தினேன். உன்னை நேரில் பார்க்கிற வரைக்கும் அந்த வரியை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அம்மாவும் உடம்புக்குச் சௌக்கியம். பத்து நாளாக விடாத மழை, கடலும் வானமும் ஒரே சாம்பல் நிறம், எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை, வீடே மேகத்துக்குள் மிதப்பதுபோல் இருக்கிறது. மாப்பிள்ளையின் கடிதம் முந்தாநாள் வந்தது. உனக்கு ஜன்னி கண்டு இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்ததும், எட்டாம் மாதத்திலேயே குழந்தையை எடுத்ததும், இப்போது நீ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிப்பதும், பேத்தி ஒரு கைத்துண்டுக்குள் அடங்கிவிடுகிறாள் ஆனால் அழுகை மட்டும் வார்டு முழுக்கக் கேட்கிறது என்பதும் தெரிந்தது. கடைசி வரியில், அம்மா ஏன் வரவில்லை என்று மங்கை கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நான் என்ன சொல்லட்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பதிலைத்தான் எழுதுகிறேன். இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் முதலிலிருந்தே சொல்கிறேன்.

இந்தத் தீவில் சர்க்கார் உத்தியோகம் பார்க்கிறவன் மெயின்லேண்ட் போக லீவு வேண்டுமென்றால் ஊரிலிருந்து தந்தி வரவேண்டும், தந்தியில் யாராவது சாகக் கிடக்க வேண்டும். தலைமைக் குமாஸ்தா ஜெகநாதன் வேறு எதற்கும் அசையமாட்டார். மாமியார் மூன்று தடவையாவது சாகக் கிடக்காத வீடு லம்பா லைனில் கிடையாது. நானும் அப்படி ஒரு தந்திக்கு ஏற்பாடு செய்துவிட்டு அம்மாவிடம் சொல்ல மறந்தேன், தபால்காரர் அதைப் படித்துச் சொல்ல, தன் தாயார் போய்விட்டதாகவே நினைத்து அவள் வாசலில் மயங்கி விழுந்தாளே, அன்றைக்குத்தான் என் மூளை வேலை செய்தது. ஸ்டோர்கீப்பர் மூளை. ஒரு கிலோ ஆணிக்கு மூன்று கையெழுத்து வாங்குகிறவன், திருடனே இல்லாத ஊரில் வீட்டுக்கு இரண்டு பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை ஆபீஸில் மறந்து மழையில் இரண்டு மைல் திரும்பி நடக்கிறவன், அவன் மூளை. நிஜத் தந்தி என்றால் கடைசியில் சண்முகத்துக்குச் சொல்லவும் என்று இருக்கும், இல்லாவிட்டால் லீவுக்கு வந்த தந்தி, யாரும் கலங்க வேண்டாம் என்று சட்டம் போட்டேன். நம் சொந்தத்தில் சண்முகம் என்று ஒருவரும் கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர். தெரிந்தது நம் மூன்று பேருக்குத்தான். மாப்பிள்ளையிடம்கூடச் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். ரகசியம் பத்திரமாக இருக்க என்று அன்று சொன்னேன், அது முழு உண்மை இல்லை. அவர் பொய் பேசாத மனிதர், மாமனார் பொய்த் தந்தி காட்டி லீவு வாங்குகிற ஆள் என்று தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாரோ என்ற வெட்கம்.

உன் பிரசவத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன் அல்லவா, எழுதிப் பத்தாம் நாள் தந்தி வந்தது. மங்கை சீரியஸ், உடனே புறப்படவும், சிவஞானம். சண்முகத்தைத் தேடினேன், இல்லை. என் பெண் சமர்த்து, எனக்கு லீவு கிடைக்கப் புருஷன் பெயரிலேயே அனுப்பிவிட்டாள், அந்த உடனே என்ற வார்த்தை அற்புதம் என்று மெச்சிக்கொண்டேன். ஜெகநாதன் ஒரு மாத லீவு கொடுத்தார். அன்று மதியமே சென்னைக்குக் கப்பல். அம்மா மூட்டையே கட்டிவிட்டாள். பேரு இல்லாட்டியும் மனசு கேக்கலீங்க, போயிருவோம் என்றாள். பிரசவத்துக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது, இப்போது போனால் பிள்ளை பிறக்குமுன் லீவு தீர்ந்துவிடும், அடுத்த கப்பலில் போவதுதான் கணக்கு என்று அவளை உட்காரவைத்தேன். பஜாரில் கடை வைத்திருக்கும் வஹாப் பாய்கூட, சும்மாவா அண்ணே தந்தி வரும், கெளம்புங்க என்றார். உங்களுக்கு விஷயம் தெரியாது பாய் என்று சிரித்தேன். ஆபீஸ் பியூன், கப்பல் போய்விட்டதென்று ஹிந்தியில், ஜஹாஜ் சலா கயா பாபுஜி என்று சொல்லிக்கொண்டு வந்தபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளைக் கப்பல் மழைக்குள் மெதுவாகக் கரைந்தது, சர்க்கரைப் பொம்மை பாலில் கரைகிற மாதிரி. நான் அதை ரசித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் நீ அங்கே நினைவில்லாமல் கிடந்திருக்கிறாய். அந்தப் பெயரைச் சொல்லவேண்டியவளுக்குப் பேச்சில்லை, தந்தி கொடுத்தவருக்குப் பெயர் தெரியாது. மாப்பிள்ளை கடிதத்தைக் காட்டிச் சண்முகம் கதையையும் நான் சொல்லி முடித்த பிறகு வஹாப் பாய் சொன்னார், சாவிய உள்ள வெச்சுப் பூட்டிப்புட்டீங்களே அண்ணே என்று. அவர் சிரிக்கவில்லை.

பிளேனில் இடம் கேட்டேன், கையை விரித்துவிட்டார்கள். நேற்றுச் சாப்பிட்டுவிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தேன், கனவில் சண்முகம் வந்தார். இல்லாத மனிதருக்கு முகம் எப்படி வந்ததோ, வழுக்கைத் தலை, கையில் குடை, கடல்மேலேயே நடந்து வருகிறார், வேட்டி நனையவில்லை. தோளில் துண்டில் சுற்றிய குழந்தை. நம் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார். நான் உள்ளேயிருந்து, நீர் யார், அத்தாட்சி என்ன, மூன்று கையெழுத்து எங்கே என்று கேட்கிறேன். அவர் வந்த வழியே திரும்பி நடக்கிறார், குடை சின்னதாகிக்கொண்டே போகிறது. விழித்துப் பார்த்தால் வேட்டி முடிச்சிலிருந்த சாவிக்கொத்தை இறுகப் பிடித்திருக்கிறேன்.

அம்மா மூட்டையை அவிழ்க்கவே இல்லை, அது அன்றைக்கு வைத்த இடத்திலேயே இருக்கிறது. உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னாள். அவர் தடுத்தாருன்னு நான் நின்னிருக்கக் கூடாது கண்ணு, தனியாவாவது கப்பல் ஏறியிருக்கணும், இனிமே நிக்கமாட்டேன் என்றாள். அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

நாளை மறுநாள் கப்பல் ஏறுகிறோம், தந்தியும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதம் பிளேனில் முன்னால் வந்துவிடும், நான் வாசலில் வந்து நிற்கும்போது மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கட்டும். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நியாயம்தான். நீ என்னைத் திட்டுவதென்றால் உடம்பு தேறிய பிறகு திட்டு, அதுவரை சத்தம் போட்டுப் பேசாதே, வெந்நீர்தான் குடிக்கவேண்டும், பேத்திக்குக் காதில் காற்றுப் படாமல் துணி கட்டு. ஆபீஸ் ஸ்டோருக்கு எத்தனை பூட்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறேன், அது சர்க்கார் ஆணி. நம் வீட்டில் இனிமேல் சண்முகம் கிடையாது. யார் பெயரில் வந்தாலும், எப்படி எழுதியிருந்தாலும், தந்தி வந்தால் அன்றைய கப்பலில் நாங்கள் ஏறிவிடுவோம். பொய்த் தந்தியாக இருந்தால் உன் கையால் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம், அதில் என்ன நஷ்டம்.

நீயும் பேத்தியும் மாப்பிள்ளையும் நூறாண்டு நோயின்றி வாழ முருகன் துணையிருக்கட்டும். மறக்காமல் இதை அவருக்குப் படித்துக் காட்டு, வெட்கப்படுகிற இடத்தைத் தாண்டிப் போகாதே.

இப்படிக்கு,
தாமதமாகக் கிளம்பும் உன் அப்பா,
கோ. இராமகிருஷ்ணன்