முரளி கொடுத்த பென்டிரைவ்

என் அன்பு முரளிக்கு,

நீ போய் இருபது நாள்கூட ஆகவில்லை. நகரி ரயில் ஸ்டேஷனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய் என்றார்கள். திருப்பதியிலிருந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. அதைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

உன் மனைவி கௌரி உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அண்ணா, பாப்பாவ மடில போட்டுக்கினு அவரு பாடுவாரே, அந்த வீடியோல்லாம் இதுலதான் கீது. தொறந்து குடுண்ணா" என்றாள்.

ஊரே பிள்ளைகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறது. உன் மகளின் ஒரு படம்கூட இணையத்துக்குப் போகக் கூடாது என்று நின்றவன் நீ. எல்லாவற்றையும், விண்டோஸுக்குப் பதில் நாம் ஊருக்கெல்லாம் ஏற்றித் தருகிற லினக்ஸில் பூட்டி வைத்தாய். பேக்கப்பும் இருக்கிறது, அதற்கும் அதே பூட்டுதான். பாஸ்வேர்ட் உன் தலைக்குள் இருந்தது. மாற்றுச் சாவியை ஒரு பென்டிரைவில் போட்டு, "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இத சொருவுடா, தொறந்துக்கும்" என்று போன வருடம் என்னிடம் கொடுத்தாய். நான் சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டேன்.

அதைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்தேன். லினக்ஸ் நிறுவும் திரை வந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

"இன்னாண்ணா, வேற ஏதோ வருது?" என்றாள் கௌரி.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. புத்தூரில் டுடோரியல் நடத்துகிறவர் பழைய கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் கேட்டாரே, அன்றைக்குப் பையில் கைக்கு அகப்பட்ட பென்டிரைவை அழித்து இன்ஸ்டாலர் ஏற்றினேன். லினக்ஸ் ஏற்றித் திரியும் நம் ஆட்கள் எந்தப் பென்டிரைவைத்தான் சும்மா விட்டிருக்கிறோம்? பேக்கப் எடு, பேக்கப் எடு என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவன், உன் சாவிக்கு ஒரு நகல் வைக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி, அழிந்ததை மீட்கும் கருவிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. "இதுல சாவியே இல்லம்மா. முரளி போட மறந்துட்டான் போல" என்று என் வாய் சொன்னது. நான்தானா அப்படிச் சொன்னேன்? செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான் என்று நினைத்துவிட்டேனா?

கௌரி அழவில்லை. "ஊர்ல இருக்கறதெல்லாம் ஞாபகம் வெச்சிக்கினு இருப்பாரு. எங்கள மட்டும் மறந்துட்டாரா?" என்று லேப்டாப்பை மூடினாள். பாப்பா அதன் மேல் தட்டி "நைனா" என்று உன்னைக் கூப்பிட்டாள். நான் அப்படியே பஸ் ஏறிவிட்டேன்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் நகரிக்கு வருகிறேன். கௌரி கன்னத்தில் அறைந்தாலும் சரி, இனி இந்தப் பக்கம் வராதே என்றாலும் சரி. அந்த வீடியோக்களை அவளுக்குத் திருப்பித் தர என்னால் ஆகாது. நீ அவர்களை மறக்கவில்லை, அழித்தது நான் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். இது சத்தியம்.

நாளை வரைக்குமாவது உன் மகளுக்கு மாமன்,
சேகர்