சம்பந்தப்பட்ட கணக்கு

கள்ளிக்குப்பம்
3.9.2025

என் தங்கம் மதிவதனிக்கு அம்மா எழுதறது.

நானும் உங்க அண்ணன் அருளும் அண்ணியும் அவங்க பொண்ணு கவிப்பிரியாவும் அம்மன் புண்ணியத்துல நல்லா கீறோம். பெங்களூர்ல நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் எப்படி கீறீங்க? ஆடிக் கூழுக்கு வந்துட்டுப் போனதோட சரி. போன் பண்ணா ரெண்டு வார்த்தை, அதுவும் ஸ்பீக்கர்ல. நான் பேசறத உங்க ஊட்டு மிக்சி கூடக் கேக்குது. அதான் பேனாவ எடுத்தேன்.

விஷயம் இன்னான்னா, நம்ம கவி செஞ்ச 'தண்ணி வந்தாச்சு' ஆப்ப, ஆப்புங்க எல்லாம் எறக்கற அந்தக் கடையோட கம்பெனிக்காரன் தூக்கிட்டான். உனக்குத்தான் தெரியுமே, லாரித் தண்ணி எந்தத் தெருவுல நிக்குதுன்னு ஒருத்தி போன்ல அமுக்கினா அந்தத் தெரு பொம்பளைங்க போன் எல்லாம் கூவும். கூவறது யாரு? உன்ன பெத்தவதான். "அடியே, தண்ணி வந்தாச்சு, கொடத்த எடுங்கடி!"ன்னு என் குரலத்தான் கவி புடிச்சுப் போட்டுது. கள்ளிக்குப்பத்துல ஆரம்பிச்சு பாரிவாக்கம் வரைக்கும் போச்சு என் சத்தம். அங்க ஒரு கல்யாணத்துல ஒரு பொண்ணு என் பேச்சக் கேட்டுட்டு, "நீங்க தண்ணி அம்மாதானே?"ன்னு கைய புடிச்சுகிச்சு. எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே யோசி.

போன வாரம் திடீர்னு ஒரு மெயில். கவியோட கணக்கயே மூடிட்டாங்களாம். ஆப்பு மட்டும் போவல, இனிமே அது பேர்ல எதையும் அந்தக் கடையில போடக் கூடாதாம், ஆயுசுக்கும். இன்னா தப்பு பண்ணோம்னு கேட்டதுக்கு, 'நாங்கள் முன்பே மூடிய ஒரு கணக்கோடு உங்கள் கணக்கு சம்பந்தப்பட்டது'ன்னு மட்டும் பதில். எந்தக் கணக்கு, யாரோடது, அதெல்லாம் சொல்ல மாட்டானாம்.

கவி தமிழ்ல படிச்சுக் காட்டினதும் எனக்கு வந்துச்சு பாரு கோவம். "நம்ம ஊட்டுக்கு எவன்கூடடி சம்பந்தம்? உங்க அம்மாவ எடுத்தது திருவேற்காட்டுல, உங்க அத்தையக் குடுத்தது பூந்தமல்லியில. ரெண்டும் மானமா பொழைக்கிற குடும்பம். வேற யாரு எங்க சம்பந்தின்னு எழுதிக் கேளு"ன்னேன். அழுதுகினு இருந்த பொண்ணு பொசுக்குன்னு சிரிச்சுடுச்சு. "பாட்டி, அது கல்யாண சம்பந்தம் இல்ல. தொடர்பு"ன்னுது. இன்னா எழவோ.

முன்னாடியே ஆப்பு வச்சிருந்தவங்க போன்லயும் இப்ப 'இது ஆபத்தானது, எடுத்துடுங்க'ன்னு செவப்பு எழுத்து வருதாம். எதிர்த்த ஊட்டு பார்வதம் வாசல்ல நின்னு, "இன்னாக்கா, உன் குரல்ல வைரஸ் கீதாமே?"ன்றா. தெருவே சிரிக்குது.

சிரிக்கட்டும். ஆனா தொழிற்பேட்டை எஸ்டேட்ல ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில கவிய இண்டர்வியூக்குக் கூப்ட்டு கீறாங்க. இந்த ஆப்பப் பாத்துதான் கூப்ட்டாங்க. போய் நிக்கும்போது ஆப்பே இல்லன்னா புள்ள இன்னான்னு சொல்லும்? மாப்பிள்ளையும் ஆப் பண்றவர்தானே. யாரப் பாக்கணும், எந்த ஆபீசுல கேக்கணும்னு அவர நீ கேட்டுச் சொல்லு. மாமியார்க்காரி நான் நேரா கேக்கறது முறையில்ல. ஆபீசு எங்க கீதுன்னு மட்டும் சொன்னா போதும், நானே போய் வாசல்ல குந்திக்கிறேன்.

உன் பதிலுக்கு வழி பாத்துகினு கீற,
அம்மா பொன்னியம்மா


பெங்களூர்
12.9.2025

அன்புள்ள அம்மாவுக்கு மதி எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் கையெழுத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பாப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மிக்சி கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள். உனக்கு மூட்டு வலி எப்படி இருக்கிறது? தைலம் தீர்ந்துவிட்டால் சொல், அனுப்புகிறேன்.

கவி விஷயம் கேட்டு மனசு கஷ்டமாக இருந்தது. ஆனால் அம்மா, நீ நினைக்கிற மாதிரி இதற்கெல்லாம் போய்ப் பார்க்க ஆபீஸ் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரே பார்த்து, கம்ப்யூட்டரே மூடிவிடும். மறுபடி பரிசீலியுங்கள் என்று ஒரு விண்ணப்பம் போடலாம், அவ்வளவுதான். அதையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கிளற வேண்டாம் என்று கவியிடம் சொல். கிளறினால் பெரிதாகும். சின்னப் பெண், கெட்டிக்காரி, வேறு ஏதாவது செய்துகொள்வாள். இண்டர்வியூவில் ஆப் பற்றிப் பேசாமல் மார்க்கைப் பற்றிப் பேசச் சொல்.

அவருக்கு இந்த மாதிரி விஷயங்கள் தெரியாது. அவரிடம் கேட்கவில்லை. நீயும் அண்ணனும் போனில் இதைப் பற்றி அவரிடம் பேச வேண்டாம், ஏற்கெனவே வேலை டென்ஷனில் இருக்கிறார். இனிமேல் எதற்கும் உன் போன் நம்பரையும் ஆதாரையும் போட வேண்டாம் என்று கவியிடம் சொல்லிவிடு.

அடுத்த கடிதத்தை என் ஆபீஸ் விலாசத்துக்கு எழுது, உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இங்கே வாட்ச்மேன் தபாலைத் தொலைத்துவிடுகிறார். தீபாவளிக்கு வருகிறோம். கருவாட்டுக் குழம்பு இல்லையென்றால் சண்டை போடுவேன்.

அன்பு மகள்,
மதி


கள்ளிக்குப்பம்
22.9.2025

மதிவதனிக்கு அம்மா எழுதறது.

உன் லெட்டர் வந்துச்சு. மூட்டு வலி இருக்கற எடத்துலயே கீது. தைலம் வேணாம்.

கவி இண்டர்வியூ போய்ட்டு வந்துச்சு. எதிர்ல உக்காந்திருந்த அம்மா மரியாதையாத்தான் பேசினாங்களாம். "எங்கம்மா உன் ஆப்? காட்டு"ன்னு கேட்டிருக்காங்க. கம்பெனி மூடிட்டான்னு இது சொல்லி கீது. "ஏன் மூடினான்?" தெரியலன்னு சொல்லி கீது. "காரணம் தெரியாம யாராவது மூடுவாங்களாம்மா? நீ ஏதாவது பண்ணியிருப்ப. இல்லன்னா அந்த ஆப் உன்னுது இல்ல"ன்னுட்டாங்களாம். ஊட்டுக்கு வந்து பைய வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போச்சு. சாப்பிடவும் வரல. அருள் போய் இஸ்துகினு வந்தான். நம்ம பரம்பரையில வயல்ல குனிஞ்ச முதுகுங்கதான் எல்லாம். ஒருத்தனும் ஒருத்தியும் திருடன், திருடின்னு பேர் வாங்கினது இல்ல. இந்தப் புள்ள வாங்கிட்டு வந்துச்சு.

விண்ணப்பமும் போட்டுது. அனுப்பிட்டு டீ போடப் போச்சு, பால் பொங்கறதுக்குள்ள பதில் வந்துடுச்சு. அதே ரெண்டு வரி.

இப்ப உன்ன ஒண்ணு கேக்கறேன். என் போன் நம்பர போட வேணாம்னு எழுதி கீறியே. கவி அந்தக் கணக்குல என் நம்பரப் போட்டுதுன்னு நான் உனக்கு எழுதவே இல்லையே? எனக்கே நேத்துதான் தெரியும். "அப்பா ஆபர் பாத்து ஆபர் பாத்து நம்பர மாத்திடுவாரு, பாட்டி நம்பர்தான் மாறாது"ன்னு தை மாசத்துலயே என் நம்பரக் குடுத்து வச்சுதாம். உனக்கு எப்படித் தெரிஞ்சுது?

ராத்திரி தூக்கம் வரல. ஆடிக் கூழு அன்னிக்கு நெனைச்சுப் பாத்தேன். மாப்பிள்ளை என் ஆதார் கார்ட கேட்டாரு. என் மூஞ்ச போன்ல புடிச்சாரு, இந்தப் பக்கம் திரும்புங்க அத்தை, அந்தப் பக்கம் திரும்புங்க அத்தைன்னாரு. அப்புறம், "உங்க போன்ல ஒரு நம்பர் வரும், படிங்க"ன்னாரு. மாப்பிள்ளை ஒண்ணு கேட்டா எதுக்குன்னு கேக்கற வழக்கம் நம்ம ஊட்ல இல்ல. எனக்குப் பெருமையாக்கூட இருந்துச்சு, இவ்ளோ படிச்சவரு என்கிட்ட வந்து ஒண்ணு கேக்கறாரேன்னு. நீ பக்கத்துல உக்காந்து கூழு குடிச்சுகினு இருந்த. நான் உன் மூஞ்சியத்தான் பாத்தேன். "படிம்மா, அவருதானே கேக்கறாரு"ன்ன. நான் படிச்சேன்.

அது எதுக்கு மதி? சம்பந்தப்பட்ட கணக்கு யாரோடது?

அம்மா


பெங்களூர்
30.9.2025

அம்மா,

ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

அவர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு சீட்டாட்ட ஆப் செய்தார். பணம் வைத்து ஆடுவது. அந்தக் கணக்கை முதலிலேயே மூடிவிட்டார்கள். வாங்கிய கடன் தலைக்கு மேல் நின்றது. வேறு பேரில் ஒன்று திறந்தால்தான் நிமிரலாம் என்றார். அதற்குத்தான் உன் ஆதார். அதையும் கண்டுபிடித்து மூடிவிட்டார்கள். உன் நம்பர் அவளுடைய கணக்கிலும் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவளுடையதும் போய்விட்டது என்று நீ எழுதின அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவரிடம் கேட்டேன். அந்த நம்பர்தான் காரணம் என்றார்.

என்னை என்ன செய்யச் சொல்கிறாய்? இது வெளியே தெரிந்தால் அவருடைய வேலையும் போய்விடும். அண்ணன் சும்மா இருக்க மாட்டான். பாப்பாவை நினைத்துப் பார். நான் அந்த வீட்டில்தானே வாழ வேண்டும்?

நான் நன்றாக யோசித்துவிட்டேன். ஒரு வழி இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ சொல்வது மாதிரி, ஆடி மாதம் அந்தக் கணக்கைத் திறந்தது நான்தான், எனக்கு விவரம் தெரியாமல் செய்துவிட்டேன், என் பேத்திக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதியிருக்கிறது. கையெழுத்து மட்டும் போடு. அதை அவள் விண்ணப்பத்தோடு அனுப்பட்டும். அவளும் தப்பிப்பாள், நாங்களும் தப்பிப்போம். நீ அஞ்சாம் கிளாஸ் படித்தவள், வயதானவள். உன்னை யார் என்ன சொல்லப் போகிறார்கள்?

எனக்காக இதைச் செய்ம்மா.

மதி


கள்ளிக்குப்பம்
14.10.2025

மதிவதனிக்கு,

நீ கிழிக்கச் சொன்னத கிழிக்கல. அருள்கிட்டயும் கவிகிட்டயும் குடுத்தேன்.

அருள் அப்பவே பெங்களூர் பஸ் ஏறக் கெளம்பினான். நான் கதவுல குறுக்க நின்னுட்டேன். கவி படிச்சு முடிச்சுட்டு, "அத்தையா?"ன்னு மட்டும் கேட்டுது. லெட்டர மடிச்சு வச்சுட்டு, "கம்பெனிக்கு என்னைத் தெரியாது பாட்டி, அது மேல எனக்குக் கோவம் கூட ஒழுங்கா வரல. அத்தைக்கு என்னைத் தெரியுமே"ன்னுது. அது வயசுக்கு வந்தப்போ தலைக்குத் தண்ணி ஊத்தினவ நீ. இந்த லெட்டர்ல நீ ஒரு எடத்துல கூட அது பேர எழுதல. 'அவள்', 'அவள்'னே எழுதி கீற. பேர எழுத கை வரலையா?

நீ அனுப்பின தாளுல நான் கையெழுத்துப் போடல. உள்ளத உள்ளபடி நான் சொல்லச் சொல்ல கவி எழுதுச்சு. என் ஆதார யாரு வாங்கினாங்க, நம்பர யாரு படிக்கச் சொன்னாங்க, எல்லாம். அரை நாளாச்சு. அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போட்டேன். அனுப்பின கையோட பதில் வந்துச்சு. 'நீங்கள் சொன்னதைக் கவனமாகப் பரிசீலித்தோம், முடிவில் மாற்றம் இல்லை.' அரை நாள் சொன்னத அவன் எப்படிடி கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள பரிசீலிச்சான்? ஒருத்தனும் படிக்கல. கணக்கு போனது போனதுதான்.

அதக் கூட நான் தாங்கிக்கிறேன். அஞ்சாம் கிளாஸ், உன்னை யார் என்ன சொல்லப் போறாங்கன்னு எழுதினியே. நான் படிச்ச அஞ்சு கிளாஸ்ல பொய்க்குக் கையெழுத்துப் போட எந்த வாத்தியாரும் சொல்லிக் குடுக்கல. மாப்பிள்ளை கஷ்டம்னு வந்து நின்னு, "அத்தை, தப்பு பண்ணிட்டேன்"னு சொல்லியிருந்தா, கம்மல வித்தாவது குடுத்திருப்பேன். நீ பெத்தவள முட்டாளாக்கி, அந்த முட்டாள முன்னால நிறுத்திட்டு, பின்னால ஒளிஞ்சுக்கலாம்னு பாத்த. அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்துதான் அந்த நம்பரப் படிச்சேன். மாப்பிள்ளை மூஞ்சியப் பாத்து இல்ல.

இந்தத் தீபாவளிக்கு நீங்க வர வேணாம். பாப்பாவுக்குப் பாவாடை சட்டை எடுத்து கீது, கூரியர்ல வரும். சீரு கெடையாது. போன் பண்ணா எடுக்க மாட்டேன். கம்பெனிக்காரன் மாதிரி ஏன்னு சொல்லாம கதவ மூட எனக்குத் தெரியாது, அதான் இவ்ளோ நீளமா எழுதறேன். ஏன்னு நாளைக்கு யாராவது கேட்டா, உனக்கும் பதில் தெரியணும்.

நீ ஒண்ணு செய்யலாம். நீயும் உன் ஊட்டுக்காரரும் நடந்தத உங்க கையால எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு கவிக்கு அனுப்புங்க. இண்டர்வியூல அது மூஞ்சிக்கு நேரா திருடின்னு சொல்லாம சொன்ன அந்த அம்மாகிட்ட அது கொண்டு போய்க் காட்டட்டும். வேலை குடுக்கறாங்களோ இல்லையோ, தலைய நிமித்திகினு வரட்டும். மாப்பிள்ளை வேலை போகுமேன்னு நீ நெனைப்ப. கவிக்குப் போச்சே, அப்ப நெனைச்சியா?

அந்த லெட்டர் வர வரைக்கும் வேற எதுவும் எழுதாத. மூட்டு வலி, தைலம், பாப்பா சிரிச்சுது, எதுவும் வேணாம். நிஜத்த எழுதறதா இருந்தா எத்தினி வாட்டி வேணாலும் எழுது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனா கடைசி எழுத்து வரைக்கும் படிப்பேன்.

அம்மா