நாலாவது பாட்டில் வந்த பதினொரு படகுகள்

இயேசு மரி சூசை துணை

ஊர்காவற்றுறை
14.08.2004

அன்பு மகன் பொனிபசுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சி அன்ரனிட்டாவும் நல்ல சுகம், அந்தக் குளிர் நாட்டில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நாள் தவறாமல் செபமாலை சொல்கிறேன். உங்கள் குழுவின் இசைத்தட்டு பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. உலகம் முழுக்க விற்கிற பெரிய கம்பனி என் மகனின் பாட்டை வெளியிட்டிருக்கிறது என்று தபால்காரருக்கே முதலில் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்துவிட்டு, இது ஆர் அக்கா, பேய்க்கூத்து ஆடுற ஆக்களோ என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது. ஐந்து பேரும் கண்ணைச் சுற்றிக் கரி அப்பிக்கொண்டு நிற்கிறீர்கள், அதில் நீ எது என்று பெற்றவளே மூக்கை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தங்கச்சி அதைப் போட்டாள். முதல் பாட்டுத் தொடங்கியதும் கோழிகள் வேலி பாய்ந்தன. இரும்பை இரும்பால் அடிக்கிறீர்கள், அதற்கு மேலே ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். அடுத்த வீட்டுத் திரேசம்மா மாமி ஓடிவந்து, என்ன பிள்ளை, தகரக் கொட்டில் விழுந்துபோச்சோ என்று கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அப்பா முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்தார், நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கப்பல் எஞ்சின் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நீ இந்தப் பாட்டுக்குப் போன நாளிலிருந்து மூன்று வருடமாக உன் பெயரைச் சொல்லாத மனிதர். போன வருடம் சண்டை ஓய்ந்து சமாதானம் என்று நீ வந்து நின்ற பத்து நாளும் உன்னோடு ஒரு வார்த்தை பேசாமல் கடலுக்குப் போய்வந்தவர். இந்தத் தட்டாவது அவர் வாயைத் திறக்கவேண்டும் என்று ஒன்பது நாள் செபம் சொல்லிக் காத்திருந்தேன் மகன், கத்துகிற சத்தத்தைக் கேட்டதும் எல்லாம் வீணாய்ப் போச்சு என்றுதான் நினைத்தேன்.

நாலாவது பாட்டில் எல்லாச் சத்தமும் அடங்கித் தூரத்தில் ஒரு எஞ்சின் கேட்டது. மூன்று முறை அடித்து ஒருமுறை விக்கி, திரும்பவும் மூன்று முறை. விடியற்காலையில் கூடையோடு துறையில் நிற்கிற எங்களுக்குப் படகு கண்ணுக்குத் தெரிய முதலே அது ஆருடையது என்று காதுக்குத் தெரியுமே. இஞ்சாருங்கோ, இது எங்கட எஞ்சினல்லோ என்று குசினிக்குள் இருந்து கத்திவிட்டேன். பிறகு மற்றப் படகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. திரேசம்மா மாமி கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, இது எங்கட மனுசன்ர, இது சவிரிமுத்துவின்ர என்று விரல் மடிக்கத் தொடங்கினார். பதினொரு படகையும் சொன்னார், ஒன்றும் பிழைபோகவில்லை. போன வருடம் விடியமுன்னம் சத்தம் பிடிக்கிற அந்தச் சின்ன மெசினை ஏந்திக்கொண்டு நீ துறையில் நின்றது எதற்கென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதை எடுத்துவிட்டுச் செயற்கைச் சத்தம் போட்டால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது என்று கம்பனிக்காரர் சொன்னதையும், நீ விடாப்பிடியாக நின்று வென்றதையும் எழுதியிருந்தாய். அவர்களிடம் சொல், ஊர்காவற்றுறையில் தெரியும் என்று.

அன்றிலிருந்து என் கால் நிலத்தில் நிற்கவில்லை. துறையடிச் சனமெல்லாம் எங்கள் வீட்டில்தான். பங்குச் சுவாமியும் வந்து, கத்துகிறதை விட்டுவிட்டுப் படகு வருகிறதை மட்டும் இரண்டு தரம் போடச் சொல்லிக் கேட்டார். அப்பா மட்டும் அன்று வலையைச் சுருட்டிவைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார், எனக்கு அழுகை வந்தது. ஆனால் திங்கள் பின்னேரம் தங்கச்சியிடம், அந்த நாலாவதைப் போடு என்றார். செவ்வாயும் கேட்டார். பிறகு தானே போடப் பழகிவிட்டார். இப்போது நான் எழுதுகிறதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், முடித்துப்போட்டுப் பேனையைத் தா என்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மெலிந்து போயிருக்கிறாய். கண்ணில் பூசுகிற கரியைப் படுக்க முதல் சவர்க்காரம் போட்டுக் கழுவு. தங்கச்சியின் பிறந்தநாளுக்கு ரெலிபோன் எடுக்க மறந்துவிடாதே. உன்னையும் உன் கூட்டாளிகள் நாலு பேரையும் மாதா கைவிடாமல் காக்கட்டும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அம்மா,
றோசம்மா

பொனிபஸ், சத்தம் சரி. ஆனால் பாட்டுக்காக எங்கட எஞ்சினை மெதுவாக்கிப் போட்டாய். அது ஒருநாளும் அப்பிடி இழுத்து ஓடினதில்லை, கம்பனிக்குச் சொல்லு. இனி வந்தால் கரையில நிண்டு பிடிக்காதை. படகில ஏறு.
அப்பா, குருசுமுத்து